கானாற்று மண் அணையின் கோடியை ஒன்றரை அடி உயர்த்தலாமா?

மலையடிவாரத்தான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வேலூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், ஒடுகத்தூருக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூர் எங்களுடையது. மலையிலிருந்து இறங்கும் கானாறு ஒன்று ஊரை ஒட்டி ஓடி, உத்திரகாவேரியில் கலந்து, பாலாற்றுக்குப் போகிறது. மழை பெய்த இரவில் கரைபுரண்டு ஓடி, மறுநாள் மதியத்துக்குள் வெறும் மணலாகிவிடும் ஆறு அது. முன்பெல்லாம் ஆண்டுக்கு ஒருமுறையாவது கீழ்த்தெருவையும் அதற்கடுத்த தரைப்பாலத்தையும் மூழ்கடித்துவிடும் என்பதால், சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன் அதன் குறுக்கே மண்ணால் ஒரு சிறிய அணை கட்டினார்கள். கரையின் நீளம் 210 மீட்டர்; ஆற்றுப் படுகையிலிருந்து உயரம் 7 மீட்டர்; நிரம்பினால் பத்து ஏக்கர் பரப்பில் தண்ணீர் நிற்கும். கைப்பேசி வரைபடத்தில் அளந்து பார்த்ததில் மேலே உள்ள நீர்ப்பிடிப்பு ஏறத்தாழ 4 சதுர கிலோமீட்டர் வருகிறது. வடக்கு ஓரத்தில் பாறையை ஒட்டி 20 மீட்டர் நீளத்தில் கோடி, அதாவது அணை நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் தாழ்ந்த கட்டுச் சுவர், இருக்கிறது (தென் மாவட்ட நண்பர்கள் கலிங்கு என்பார்கள்). நடுவில் ஓரடி விட்டக் குழாயும் திருகு அடைப்பும் கொண்ட ஒரு மதகு. இவ்வளவுதான் அணை.

இது வெள்ளத்துக்காகக் கட்டியது என்பதை ஊர் மறந்து வெகுநாளாயிற்று. இப்போது எல்லோரும் ‘ஏரி’ என்றே சொல்கிறோம். கார்த்திகையில் நிரம்புகிறது, மாசி முடிவதற்குள் தரை தெரிகிறது. ஆகவே, பொங்கலுக்கு மறுநாள் கூடிய ஊர்க்கூட்டத்தில், கோடியின் மேல் ஒன்றரை அடிக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பலாம், வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்துக்கொள்ளலாம் என்று பேச்சு எழுந்தது. நான் தயங்கியபோது, ஒரு பெரியவர், “ஒன்றரை அடி அதிகமாக நின்றால் வெள்ளத்தையும் அதிகமாகத்தானே பிடிக்கும், அப்புறம் என்ன பயம்?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

என் தயக்கத்துக்கு இரண்டு காரணங்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் போய், விரிஞ்சிபுரத்துத் தரைப்பாலத்தை இழுத்துச் சென்ற அந்த இரவில், எங்கள் கோடியில் இரண்டடி உயரத்துக்குத் தண்ணீர் போனது. மறுநாள் காலையில் கோடியின் பக்கச் சுவரில் சேறு படிந்திருந்த இடத்தை ஆணியால் கீறி வைத்தேன், அந்தக் கீறல் இன்றும் இருக்கிறது. இரண்டாவது, சென்ற கார்த்திகை முதல், மதகிலிருந்து இருபதடி தள்ளி, கரையின் வெளிப்புற அடிவாரத்தில் நிலம் ஈரமாகவே கிடக்கிறது. சுற்றிலும் புல் காய்ந்தபோதும் அங்கு மட்டும் கோரை பச்சையாக நிற்கிறது. உரிய அலுவலகத்தில் இரண்டு முறை மனு கொடுத்தாயிற்று. இதுவரை யாரும் வந்து பார்க்கவில்லை.

கோடியை உயர்த்தலாமா? கூடாது என்றால், கூட்டத்தில் நான் என்ன காரணம் சொல்வது?

மட்டக்கோல்

வணக்கம் ஐயா. நீர்ப்பாசனப் பணிகளில் முப்பது ஆண்டு மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கூடாது என்பதே என் பதில். ஆனால் கணக்கோடு சொன்னால்தான் ஊர்க்கூட்டத்தில் எடுபடும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பெரியவர் கேட்டது நியாயமான கேள்வி. அணை காலியாக இருக்கும்போது மழை வந்தால், ஒன்றரை அடி கூடுதல் உயரம் கூடுதல் வெள்ளத்தைப் பிடிக்கத்தான் செய்யும். ஆனால் காலியாக வைத்திருப்பதற்காக யாரும் காசு போட்டுச் சுவர் எழுப்பப் போவதில்லை. நிரப்பி வைப்பதற்காகத்தான் எழுப்புகிறீர்கள். நிரம்பிய அணை, வருகிற வெள்ளத்தை ஏறக்குறைய அப்படியே கோடி வழியாகக் கீழே அனுப்பிவிடும். உங்கள் அணை கோடி மட்டம் வரை சுமார் 75,000 கன மீட்டர் கொள்ளும் என்று மதிப்பிடுகிறேன். மேலே 4 சதுர கிலோமீட்டரில் 100 மில்லிமீட்டர் மழை பெய்து அதில் பாதி ஓடி வந்தால் அது 2,00,000 கன மீட்டர். அணை முழுவதும் காலியாக இருந்தாலே மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம்தான் பிடிக்கும். மீதியைக் கோடிதான் கடத்த வேண்டும். ஆகவே இந்த அணையின் உயிர் கரையில் இருப்பதைவிடக் கோடியில்தான் இருக்கிறது.

இனி அந்தக் கோடியை எப்படித் தீர்மானித்திருப்பார்கள் என்று பார்ப்போம். சென்னை மாகாணத்து ஏரிகளுக்காக 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த ரைவ்ஸ் சூத்திரத்தை நாங்கள் வேலையில் இருந்தவரை பயன்படுத்தினோம். நீர்ப்பிடிப்பைச் சதுர கிலோமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்துக்குக் கனமூலம் கண்டு, ஓர் எண்ணால் பெருக்கினால் வினாடிக்கு இத்தனை கன மீட்டர் என்று உச்ச வெள்ளம் கிடைக்கும். கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் அந்த எண் 6.8, 80 முதல் 160 வரை 8.5, மலையை ஒட்டிய சிறு நீர்ப்பிடிப்புகளுக்கு 10.2. உங்களுக்கு 8.5 என்று எடுத்தால் 21.4 வருகிறது. 20 மீட்டர் நீளக் கோடியின் மேல் முக்கால் மீட்டர் ஆழத்தில் தண்ணீர் போனால் வினாடிக்கு 22 கன மீட்டர் கடக்கும். இரண்டும் பொருந்துவதைப் பார்த்தால், உங்கள் கோடியை இந்தக் கணக்கில்தான் போட்டிருப்பார்கள் என்று தோன்றுகிறது. அப்படியானால், வெள்ளம் போக முக்கால் மீட்டரும், அதற்கு மேல் அலைக்கும் எதிர்பாராததற்கும் இன்னொரு முக்கால் மீட்டருமாக, கோடியிலிருந்து கரையின் தலை 1.5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும்.

இந்த ஒன்றரை மீட்டரைப் பார்த்துத்தான் ஊரில், “கரை இவ்வளவு உயரம் சும்மா நிற்கிறதே” என்று நினைக்கிறார்கள். அது சும்மா நிற்கவில்லை. கல் அணையின் தலைக்கு மேல் தண்ணீர் வழிந்தால் பெரும்பாலும் அணை நனையும், அவ்வளவுதான். மண் கரையின் மேல் வழிந்தாலோ, வெளிச்சரிவில் மண் அரிக்கத் தொடங்கி, பள்ளம் மேல்நோக்கி ஏறி, சில மணி நேரத்தில் கரை பிளந்துவிடும். 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு இரண்டாம் அணையின் இருபுற மண் கரைகள் அப்படித்தான் போயின. கீழே இருந்த மோர்பி நகரம் அழிந்தது. அவ்வளவு தொலைவு போவானேன், 1903 நவம்பரில் மேலே மைசூர்ப் பகுதியில் ஏரிகள் உடைந்து பாலாற்றில் வந்த வெள்ளத்தில் வாணியம்பாடி பட்ட பாட்டை நம் பக்கத்தில் இன்னும் சொல்வார்கள்.

உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். கொத்தனார் மட்டம் பார்க்கும் தெளிவான பிளாஸ்டிக் குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, கோடியின் தலை மட்டத்திலிருந்து தொடங்கி, கரை நெடுகப் பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் அளந்து எழுதுங்கள். காகிதத்தில் இருக்கும் 1.5 மீட்டர் கரையில் இருக்கிறதா என்பதை அறியாமல் மேலே பேசுவதில் பயனில்லை.

கிணற்றடி

ஐயா சொல்லும் கணக்கோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் குடியாத்தம் பக்கத்து விவசாயி. மோர்தானா அணை நிரம்பிக் கவுண்டன்யா ஆற்றில் தண்ணீர் வந்தால் எங்கள் கிணறுகளில் நாலு மாதம் உயிர் இருக்கும். வராத ஆண்டில் ஆழ்துளைக் கிணற்றை எண்ணூறு அடி இறக்கியும் புகைதான் வருகிறது. “வெள்ளத்துக்காக அணையைக் காலியாக வையுங்கள்” என்று சொல்வது எளிது. பத்தாண்டில் இரண்டு இரவு வரப்போகிற வெள்ளத்துக்காக, ஆண்டுதோறும் மாசியில் மாட்டுக்குத் தண்ணீர் இல்லாமல் நிற்பவனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று. கோடியை உயர்த்துவது ஏதோ இன்று முளைத்த குறுக்குப் புத்தி அல்ல. எங்கள் ஊர்ப் பெரிய ஏரியின் கோடியில், தலை நெடுக இரண்டு மூன்றடிக்கு ஒன்றாகக் கருங்கல் தூண்கள் நட்டு வைத்திருப்பது இன்றும் இருக்கிறது. என் தாத்தா காலத்தில் அந்தக் கற்களுக்கு இடையே வைக்கோலும் களிமண்ணும் புல்கரணையும் (மண்ணோடு வெட்டியெடுத்த புல்) வைத்து அடைத்து, முழங்கால் உயரத்துக்குக் கூடுதல் தண்ணீர் நிறுத்துவார்களாம். வெள்ளைக்காரன் காலத்துப் பொறியாளர்களே ஒத்துக்கொண்ட ஏற்பாடு அது. அன்று சரியாக இருந்தது இன்று எப்படித் தவறாகும்?

மலையடிவாரத்தான்

மட்டக்கோல் ஐயாவுக்கு நன்றி. நேற்றும் இன்றும் இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு குழாய் மட்டம் பார்த்தோம். கோடியை அடுத்த முதல் ஐம்பது மீட்டரில் கரை, கோடியைவிட 1.45 முதல் 1.50 வரை உயரமாக இருக்கிறது. நடுவில் 1.35. தெற்கே மந்தைக்குப் போகும் மாடுகள் காலையும் மாலையும் கரையைக் குறுக்கே கடக்கும் இடத்தில் மட்டும் 1.10தான் இருக்கிறது. இரண்டு முறை மாற்றி அளந்தும் அதே எண்தான் வந்தது. தினமும் நடக்கும் இடம். நாற்பது சென்டிமீட்டர் பள்ளமாகிவிட்டது என்பது குழாயில் பார்க்கும்வரை கண்ணுக்குத் தெரியவில்லை.

கசிவையும் பார்த்தேன். ஈர நிலத்தில் ஒரு சாண் அகல வாய்க்கால் வெட்டி, தண்ணீரை ஓரிடத்தில் சேர்த்து, 15 லிட்டர் வாளியில் பிடித்ததில் நிரம்ப ஐம்பது வினாடி ஆயிற்று. அணையில் இப்போது தண்ணீர் கோடிக்கு ஒரு மீட்டர் கீழே இருக்கிறது.

மட்டக்கோல்

மிக நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். உங்கள் மாட்டுத்தடத்தை வைத்தே கூட்டத்தில் பேசிவிடலாம்.

2021-இல் கோடியில் இரண்டடி, அதாவது 60 சென்டிமீட்டர், தண்ணீர் போனது என்று கீறல் சொல்கிறது. கணக்குப்படி அது வினாடிக்கு ஏறத்தாழ 16 கன மீட்டர். அணையைக் கட்டியவர் எதிர்பார்த்த 21.4-ஐ அது எட்டவில்லை. ஒன்றரை அடிச் சுவர் அன்று இருந்திருந்தால், அதே வெள்ளம் இன்றைய கோடி மட்டத்திலிருந்து 45-உம் 60-உம் சேர்ந்து 1.05 மீட்டர் உயரத்துக்கு ஏறியிருக்கும். மாட்டுத்தடம் 1.10. இடைவெளி 5 சென்டிமீட்டர், மூன்று விரற்கடைக்குக் கொஞ்சம் குறைவு. புயல் காற்றில் பத்து ஏக்கர் நீர்ப்பரப்பில் எழும் அலை அதைவிடப் பெரிது. அன்றிரவு கரை உடைந்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் உடையாமல் இருந்திருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

திட்டமிட்ட வெள்ளமே வந்தால் 45-உம் 75-உம் சேர்ந்து 1.20, தண்ணீர் தடத்தின் மேலேயே வழியும். மலையடிவாரம் என்பதால் 10.2 என்ற எண்ணை எடுப்பதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம். அப்படிச் செய்தால் வெள்ளம் 25.7, சுவர் இல்லாத இன்றைய கோடியிலேயே 83 சென்டிமீட்டர் ஓடும். தடத்துக்கு 27 சென்டிமீட்டர்தான் மிச்சம். ஆக, சுவரைப் பற்றி யோசிப்பதற்கு முன், தடத்தை நிரப்புவதுதான் அவசரம். மேலே மண்ணைக் கொட்டி மட்டம் தட்டினால் முதல் மழையில் கரைந்துவிடும். பழைய மேற்பரப்பைக் கொத்திவிட்டு, கரையில் உள்ளது போன்ற களி கலந்த செம்மண்ணை அரையடி அரையடியாகப் பரப்பி, கையில் உருட்டினால் உருண்டை பிடிக்கும் அளவுக்கு ஈரம் வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் உருளை கொண்டு இறுக்க வேண்டும். மாடுகளைத் தடுக்க முடியாது. அவை கடக்கும் அகலத்துக்கு மொரம்பு (சரளை மண்) பரப்பி, இருபுறச் சரிவிலும் கல் பதித்துவிடுங்கள்.

கிணற்றடி நண்பர் சொன்ன கல்தூண் ஏற்பாடு உண்மையானது, நல்லதும்கூட. ஆனால் அதன் விதி அவர் சொல்லாமல் விட்ட பாதியில் இருக்கிறது. பெருமழைக் காலம் முழுவதும் அந்தக் கற்களின் இடைவெளி திறந்தே கிடக்க வேண்டும். பருவம் முடியும் தறுவாயில், இனிப் பெருவெள்ளம் வராது என்று தெரிந்த பிறகுதான் அடைப்பார்கள். வைக்கோலும் களிமண்ணுமாக அடைத்ததற்கும் காரணம் உண்டு. கணிப்பு தவறி வெள்ளம் வந்துவிட்டாலும் அடைப்பு தானே பிய்த்துக்கொண்டு போய்விடும். கான்கிரீட் சுவர் போகாது. கோடிக்குப் பதிலாகக் கரைதான் போகும். அன்று சரியாக இருந்தது இன்றும் சரிதான்; சுவர் அதுவல்ல என்பதே என் வாதம்.

அந்த ஏற்பாட்டிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தையில் அடைத்தால் பயனில்லை, அதற்குள் கானாறு வற்றிவிடும்; நிறுத்துவதற்குத் தண்ணீர் வராது. ஐப்பசியில் அடைத்தால் ஆபத்து. கார்த்திகைக் கடைசியிலோ மார்கழித் தொடக்கத்திலோ, கோடியில் விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் அந்த ஒரு வாரத்தில் அடைக்க வேண்டும். எங்கள் காலத்தில் இதை முடிவு செய்ய நீர்க்கட்டி (ஏரித் தண்ணீரைத் திறந்து அடைக்கும் ஊர்ப் பணியாளர்) ஒருவர் ஏரியோடு ஏரியாகக் கிடப்பார். இன்று உங்கள் ஊரில் அந்த ஆள் யார்? வேலூர்ப் பகுதியில் ஆடி, ஆவணி இரவுகளிலும் இடிமழை கொட்டும். அதற்குள் அடைப்பை நினைவாகப் பிரிப்பவர் யார்? பெயர் சொல்லிப் பதில் கிடைத்தால் கல்தூண் நடலாம். கிடைக்காவிட்டால் வேண்டாம்.

கடைசியாக, ஒன்றரை அடியின் பலனையும் கணக்கிட்டுப் பார்த்துவிடுங்கள். பத்து ஏக்கரில் 45 சென்டிமீட்டர் என்றால் சுமார் 18,000 கன மீட்டர். ஒரு போக நெல்லுக்கு எக்டேருக்கு 12,000 கன மீட்டராவது வேண்டும். ஆக, அந்தத் தண்ணீர் நான்கு ஏக்கர் நெல்லுக்குக்கூடப் போதாது. கோடை வெயிலில் நாளுக்கு ஆறு மில்லிமீட்டர் ஆவியானால், எழுபத்தைந்து நாளில் அந்த 45 சென்டிமீட்டரைச் சூரியனே குடித்துவிடும்.

கிணற்றடி

நெல் கணக்கு சரி. கிணற்றுக் கணக்கு வேறு ஐயா. தண்ணீர் கூடுதலாக ஒரு மாதம் நின்றால் கீழே உள்ள கிணறுகளில் ஊற்று கூடுதலாக இரண்டு மாதம் இருக்கும். அதை ஏக்கரில் அளக்க முடியாது. ஆனால் அடைப்பைப் பிரிப்பவர் யார் என்ற கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. எங்கள் ஏரிக் கல்தூண்களுக்கு இடையே சில ஆண்டுகளுக்கு முன் யாரோ செங்கல் வைத்துச் சிமெண்ட் பூசிவிட்டார்கள். யார் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் இடிக்கவில்லை. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் அதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

செம்மண்

அண்ணா, நான் கட்டடப் பொறியியலில் மண் பொறியியல் பிரிவு படிக்கிறேன், காட்பாடிக்காரி. எல்லோரும் கோடியைப் பற்றியே பேசுவதால் கசிவைப் பற்றி நான் எழுதுகிறேன். மண் அணைகள் உடைவதற்கு மேலே வழிவது ஒரு பெரிய காரணம் என்றால், உள்ளே அரிப்பது ஏறக்குறைய அதே அளவு பெரிய இன்னொரு காரணம்.

மண் கரை எதுவும் கசியாமல் இருக்காது. எவ்வளவு கசிகிறது என்பதோடு, தண்ணீர் மண்ணைக் கொண்டுவருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கவலைப்பட வேண்டியது பின்னதற்குத்தான். தெளிந்த நீராகக் கசிந்தால் கரை மூச்சுவிடுகிறது என்று விட்டுவிடலாம். கலங்கலாக வந்தால், வெளியேறும் இடத்திலிருந்து உள்நோக்கிக் குழாய் போல ஒரு பொந்து வளர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் என்ற மண் அணை, 1976 ஜூன் 5 அன்று, முதன்முறையாக நிரம்பிக்கொண்டிருந்தபோதே இப்படிப் போயிற்று. காலையில் கலங்கல் கசிவைப் பார்த்தார்கள். நண்பகலுக்குள் அணை இல்லை. அது 93 மீட்டர் உயர அணை, உங்களுடையது 7 மீட்டர். ஆனாலும் நடக்கும் விதம் ஒன்றுதான்.

உங்கள் வாளிக் கணக்கு வினாடிக்கு 0.3 லிட்டர். அளவு சிறியது. எனக்கு உறுத்துவது இடம். மதகுக் குழாயை ஒட்டி மண்ணை இறுக்குவது கடினம், உருளை அங்கே போகாது, கையால் இடித்ததுதான். முப்பது ஆண்டில் அந்த விளிம்பில் வழி உண்டாவது வழக்கமான கோளாறு. ஆகவே தயவுசெய்து இவற்றைச் செய்யுங்கள்: வாரம் ஒருமுறை, அதே இடத்தில், வாளி நிரம்பும் நேரத்தையும் அணை நீர்மட்டத்தையும் ஒரே நோட்டில் எழுதுங்கள். அணையில் தண்ணீர் இறங்க இறங்கக் கசிவும் குறைந்தால் ஓரளவு நிம்மதி. நீர்மட்டம் இறங்கியும் கசிவு கூடினால், அன்றே அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு வெள்ளைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்து, அசையாமல் ஒரு நாள் வைத்து, அடியில் மண் படிகிறதா என்று பாருங்கள்.

இன்னொரு முக்கியமான செய்தி. ஊரில் யாராவது களிமண்ணையோ சிமெண்டையோ கொண்டுவந்து கசியும் வாயை அடைக்க முன்வந்தால் விடாதீர்கள். வெளிப்புறத்தில் அடைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கி அழுத்தம் கூடி, வேறு இடத்தில் பொத்துக்கொண்டு வரும். தண்ணீர் வரட்டும், மண் மட்டும் வரக்கூடாது. அதற்கு முதலில் ஆற்று மணல், அதன்மேல் பொடி ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி என்று, கீழிருந்து மேலே பருமன் கூடும்படி பரப்ப வேண்டும். மணல் மண்ணைப் பிடிக்கும், ஜல்லி மணலைப் பிடிக்கும்.

கரையில் வேலிகாத்தான் (சீமைக் கருவேலம்) இருக்கிறதா? இளம் செடி என்றால் வேரோடு பிடுங்குங்கள். பெரிய மரமாகிவிட்டிருந்தால், வெட்டிவிட்டு வேரை மட்கவிடுவது ஆபத்து. வேர் மட்கிய இடம் தண்ணீருக்குக் குழாயாகும். வேரைத் தோண்டி எடுத்து, அந்தக் குழியையும் மட்டக்கோல் ஐயா சொன்னபடி அடுக்கடுக்காக நிரப்ப வேண்டும். பெருச்சாளி வளைகளும் அப்படியே.

மட்டக்கோல்

மாணவி சொன்னதில் ஒரு வரியும் மாற்ற வேண்டியதில்லை. வண்டல் எடுப்பதைப் பற்றி மட்டும் ஒரு சேர்க்கை; கூட்டத்தில் அடுத்து அந்தப் பேச்சுதான் வரும். வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி பெற்று விவசாயிகள் வண்டல் எடுக்கலாம். சுவரால் கிடைக்கும் அதே 18,000 கன மீட்டரை அப்படியும் பெறலாம். ஆனால் அது ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட யூனிட் (ஒரு யூனிட் என்பது நூறு கன அடி) மண். ஒரே கோடையில் முடியாது, மூன்று நான்கு ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையை ஒட்டித் தோண்ட வேண்டாம். கரையடியில் முப்பது ஆண்டாகப் படிந்த வண்டல் இயற்கையாகவே ஒரு பூச்சுப் போல ஊறலைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. பொக்லைன்காரர் வசதிக்காக அங்கே கை வைத்தால், இன்று வாளியில் பிடிக்கும் கசிவு நாளை வாய்க்காலாகிவிடும்.

சட்டம் பற்றிக் கேட்பார்கள். அணை பாதுகாப்புச் சட்டம், 2021 என்பது 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றுக்கும்தான். உங்கள் 7 மீட்டர் அணை அதில் வராது. அதனால்தான் ஆண்டுக்கு இரண்டு முறை வந்து பார்க்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆனால் அணை அரசின் சொத்து. துறையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கோடியில் ஒரு செங்கல் வைத்தாலும், நாளை கீழ்த்தெருவில் ஏதாவது நடந்தால் பொறுப்பு வசூல் செய்தவர்கள் தலையில்தான் விழும். இதைக் கூட்டத்தில் சொல்லுங்கள், கணக்கைவிட இது சீக்கிரம் புரியும்.

மதகைப் பற்றியும் யோசியுங்கள். ஓரடிக் குழாயை முழுதும் திறந்தால், அணை நிரம்பியிருக்கும்போது நாளுக்கு ஏறத்தாழ 25,000 கன மீட்டர் வெளியேறும். மேல் ஒரு மீட்டர் தண்ணீரை இறக்க ஒன்றரை நாள் போதும். வானிலை மையம் புயல் எச்சரிக்கையை அதற்கு முன்பே கொடுத்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் எச்சரிக்கை வந்ததும் திறந்து ஒரு மீட்டர் இடம் செய்துவிட்டு, பருவம் முடியும்போது மூடி நிரப்பிக்கொண்டால், கிணற்றடி நண்பரின் ஊற்றுக்கும் குறை வராது. அணையை ஆண்டு முழுவதும் காலியாக வைக்கச் சொல்லி நான் எங்கும் எழுதவில்லை.

மலையடிவாரத்தான்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். சென்ற ஞாயிறு கூட்டம் நடந்தது. கணக்கை நான் வாயால் சொல்லவில்லை. பெரியவரையும் இன்னும் நாலைந்து பேரையும் கோடிக்கு அழைத்துப்போய், சுவர் வந்தால் 2021 வெள்ளம் எங்கே நின்றிருக்கும் என்று குழாய் மட்டத்தில் பிடித்து, மாட்டுத்தடத்தில் ஒரு குச்சியை நட்டுக் காட்டினேன். தண்ணீர் நின்றிருக்கும் இடத்தில் சிவப்புத் துணி. அதற்கு மூன்று விரல் மேலே மண். பெரியவர் வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, “இது என் மாடு போட்ட தடம்தான்” என்றார். அதற்குப் பிறகு சுவர்ப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

வசூலாகும் பணத்தில் தடத்தை நிரப்பி மொரம்பு போடுவதென்றும், வண்டலுக்கு மனு கொடுப்பதென்றும் முடிவாயிற்று. மாணவித் தங்கை சொன்னபடி நோட்டுப் போட்டிருக்கிறேன். அணை நாற்பது சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. வாளி நிரம்ப இப்போது அறுபத்தைந்து வினாடி ஆகிறது. மூன்று பாட்டில்கள் வீட்டுத் திண்ணையில் வரிசையாக நிற்கின்றன. இரண்டில் அடியில் ஒன்றுமில்லை. முதல் பாட்டிலில் மட்டும் நகக்கண் அளவு மண் படிந்திருக்கிறது. அன்று வாய்க்கால் வெட்டிய உடனே பிடித்ததால் இருக்கலாம் என்று நினைக்கிறேன், சரிதானா என்று சொல்லவும். இந்த எண்களையும் படங்களையும் சேர்த்து மூன்றாவது மனுவைக் கொடுத்துவிட்டேன்.

மதகு விஷயத்தில்தான் முடிவு எட்டவில்லை. எச்சரிக்கை வந்தால் திறக்கலாம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். யார் திறப்பது என்றதும் அமைதியாகிவிட்டார்கள், ஏனெனில் திறந்த பிறகு மழை பொய்த்துவிட்டால் ஊரே அவரைத்தான் ஏசும். திருகின் சாவி இப்போதைக்கு என் வீட்டு ஆணியில் தொங்குகிறது.

செம்மண்

முதல் பாட்டில் பற்றி நீங்கள் நினைப்பது சரியாகத்தான் இருக்கும் அண்ணா. ஆனாலும் அதைக் கொட்டிவிடாதீர்கள். தேதி எழுதி ஒட்டி வையுங்கள். அடுத்த கார்த்திகையில் அணை நிரம்பியதும் பிடிக்கும் பாட்டிலை அதன் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.